தேத்தண்ணி வாசம்

என் அலமாரியின் மேல் தட்டில் எப்போதும் இரண்டு செண்ட் பாட்டில்கள் இருக்கும். ஒன்று திறந்தது, ஒன்று திறக்காதது. திறந்தது கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் அடுத்ததை வாங்கச் சொல்லிவிடுவேன். இருபது வருடங்களுக்கும் மேலாக ஒரே செண்ட்தான். வாங்கி வருவது என் கணவர். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர். எங்கள் மகள் பிறந்த வருடம், அங்கே ஒரு கடையில் ஏழெட்டு அட்டைகளை முகர்ந்து பார்த்துவிட்டு, இதுதான் உன் வாசம் என்று முதல் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வெளிறிய பச்சைக் கண்ணாடி. அடித்தவுடன் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோல ஒரு சின்னக் கசப்பு வரும். சில நிமிடங்களில் அது போய்விடும். பிறகு கொதிநீர் ஊற்றிய தேயிலை வரும். பாலும் சீனியும் சேராத தேயிலை. அதற்குள் எங்கேயோ மல்லிகை இருக்கும். தலையில் வைக்கிற மல்லிகையின் கனம் அதற்குக் கிடையாது. சீனர் கடைகளில் தேயிலையோடு காயவைத்துப் போடுவார்களே, அந்த மல்லிகை. கடைசியில் வெயிலில் உலர்ந்த பருத்தித் துணியின் மணம் மட்டும் மிஞ்சும். ஜொகூர் வெக்கையில் மதியம் வரைக்கும் நிற்கும். மணிக்கட்டு இரண்டிலும் ஒவ்வொரு முறை, பிடரியில் ஒரு முறை. சேலை கட்டுவதற்கு முன்னால் அடிக்க வேண்டும். கட்டிய பிறகு அடித்தால் பட்டில் கறை விழும்.

அந்த முதல் பெட்டிக்குள் ஒரு சிறிய அட்டை இருந்தது. இந்த வாசத்தைப் பூசுகிற பெண் எப்படிப்பட்டவள் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அவள் தாழ்ந்த குரலில் பேசுவாள். காலை நேரத்தை விரும்புவாள். கூட்டத்தில் தன்னை முன்னே தள்ளிக்கொள்ள மாட்டாள். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். என் கணவர் இதைத் தமிழில் வாசித்துச் சொல்லிவிட்டு, "அப்படியே நீதான்லா" என்றார்.

முதல் மூன்றும் சரி. நான்காவதைப் பற்றி அன்றைக்கு அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவருடைய அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவர்களுடைய அப்பா, அதாவது என் மாமனார், ஜொகூர் பாருவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணியாக இருந்தவர். அதே அலுவலகத்தில் என் அம்மாவுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுக்கிற வேலை. எல்லோரும் அம்மாவை டீ லேடி என்பார்கள். காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் தட்டை ஏந்திக்கொண்டு மேசை மேசையாகப் போவாள். பள்ளி விட்டதும் நான் அம்மாவோடு வீட்டுக்குப் போகக் காத்திருப்பேன். என் கணவர் தன் அப்பாவோடு வீட்டுக்குப் போகக் காத்திருப்பார். அப்படித்தான் பழக்கம். எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் மறுப்புச் சொல்லவில்லை. அண்ணிதான் கடைசிவரை மறுத்தார். அப்பாவுக்குத் தட்டு ஏந்தியவளின் வீட்டில் போய்ப் பெண் எடுப்பதா என்று கேட்டாராம். அவர் வங்கியில் அதிகாரி. அப்போதே சொந்தக் கார் வைத்திருந்தார்.

மகளுக்குப் பெயர் வைத்த அன்று நான் அந்தச் செண்ட்டை முதன்முறையாகப் போட்டிருந்தேன். அண்ணி குழந்தையை வாங்கக் குனிந்தவர் அப்படியே நின்று மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது, தேத்தண்ணி வாசம் அடிக்குது? அடுப்படியிலேர்ந்து நேரா வந்துட்டியா?"

நான் செண்ட் என்று சொன்னேன். அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார்.

"கேட்டீங்களா? உலகத்துல எத்தனையோ வாசம் இருக்கு. டீ லேடி பொண்ணுக்குத் தேத்தண்ணி வாசம்தான் பிடிக்குது. ரத்தத்துல ஊறினது, எங்க போகும்?"

எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மா இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் தன் முந்தானையின் ஓரத்தைப் பிடித்து மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். மடிப்பு ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் வாசலிலேயே, "தேத்தண்ணி வந்தாச்சு, இனிமே ஆரம்பிக்கலாம்" என்பார். சொந்தக்காரப் பிள்ளைகள் என்னைத் தேத்தண்ணி அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். என் கணவரிடம் சொன்னால், "அக்கா வாய் அப்படித்தான், உனக்குத் தெரியாதா? விட்டுரு லா" என்பார். ஒரு தீபாவளிக்கு அண்ணி எனக்கு அவருடைய செண்ட்டிலேயே ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தார். கருகிய சீனியும் மரப்பிசினும் கலந்த வாசம். அவர் வருவதற்கு முன்னால் அது வரும். அவர் இறங்கிப் போன பிறகும் லிப்டுக்குள் நிற்கும். "இதைப் போட்டுப் பாரு. ஆளு இருக்கிறதாவது மத்தவங்களுக்குத் தெரியும்" என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்து கழிப்பறையில் வைத்தேன். ரொம்ப நாள் வந்தது.

நான் என் செண்ட்டை மாற்றவில்லை. அவர் சொல்லும்போதெல்லாம் சிரித்தேன். தாழ்ந்த குரலில் பேசினேன். அந்த வாசமும் அந்தக் குரலும் சேர்ந்து எல்லோருக்கும் ஒரு நம்பிக்கையைத் தந்திருந்தன. இவள் பாவம், இவளுக்கு எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது என்ற நம்பிக்கை. அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டேன்.

செனாயில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு துண்டில் கீறல் இருந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல மாட்டோம். நிறுத்தினால் இயந்திரக்காரர் அது துணி பட்டு விழுந்த கீறல், கை பட்டு விழுந்த கீறல் என்பார். அதே இடத்தில் அதே கீறல் மறுபடி மறுபடி வரும்வரை துண்டுகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருப்போம். எல்லோரையும் கூப்பிட்டு மேசையில் பரப்பிக் காட்டும்போது ஒருவரும் பேச முடியாது. வீட்டிலும் நான் அப்படித்தான்.

அண்ணிக்கு ஒரே மகன். அவரும் அவர் கணவரும் வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால், பள்ளி விட்டதும் அவன் பக்கத்துத் தெருவிலிருந்த எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். அம்மா எங்களோடு இருந்தாள். அவள் கையால் சாப்பிட்டு, அவள் மடியில் தலை வைத்துத் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவன். என்னைத் தேத்தண்ணி அத்தை என்று ஒரு நாளும் கூப்பிடாத பிள்ளை அவன் ஒருவன்தான். நாங்கள் கூலாய்க்கு வீடு மாறிய பிறகும் வாரம் ஒரு முறை வந்து பாட்டியைப் பார்த்துவிட்டுப் போவான். அவனும் சிங்கப்பூரில்தான் வேலை. அங்கே கூட வேலை பார்த்த ஒரு பெண்ணை விரும்பினான். யோங் பெங் பெண். அப்பா டாக்டர், நிறைய செம்பனைத் தோட்டம். அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் வீட்டார் சம்மதிக்க ரொம்ப நாள் எடுத்துக்கொண்டார்கள். சம்மதித்ததும் அண்ணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாய் திறந்தால் பெரிய இடம், பெரிய இடம் என்றுதான் பேச்சு.

பெண் கேட்கப் போன அன்று தாய்மாமன் வேண்டும் என்பதற்காக என் கணவரையும் என்னையும் அழைத்துப் போனார்கள். வாசலில் பெண்ணின் அம்மா எங்களை வரவேற்றார். நெடுக வளர்ந்த உடம்பு, நரையை மறைக்காத கொண்டை, வெளிர்நிறக் கைத்தறிச் சேலை. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்தபோது எனக்கு அந்த வாசம் வந்தது. முதலில் அது என்னுடையது என்றே நினைத்தேன். ஆனால் நான் விடியற்காலையில் போட்டது. என்னிடம் அப்போது பருத்தித் துணி மட்டும்தான் மிஞ்சியிருக்க வேண்டும். இது எலுமிச்சைக் கசப்போடு இருந்தது. இப்போதுதான் அடித்திருக்கிறார். அவரும் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்.

திரும்பி வரும் வழியில் ஆயர் ஈத்தாமில் மண்பாண்டக் கடை ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். அண்ணிக்குப் பூச்சாடி வாங்க வேண்டியிருந்தது. அவர் மகன் உள்ளே விலை பேசிக்கொண்டிருந்தான். அண்ணி என்னைச் சாடிகளுக்கு நடுவே ஓரமாக அழைத்துப் போனார்.

"வீடு பூரா உன் தேத்தண்ணி வாசம். அந்தம்மா என் பக்கத்துல வந்து உக்காந்தப்ப எனக்கு மானமே போச்சு. அவங்க என்ன நினைச்சிருப்பாங்க? பரிசத்தன்னிக்கு அந்தக் கண்றாவியைப் போட்டுட்டு வராத."

"சரி அண்ணி."

"இன்னொண்ணு. உங்கம்மாவை அலைய விட வேணாம். முட்டி வலி வேற. வர்றவங்க எல்லாம் டாக்டரு, லாயரு. யாராச்சும் எங்க வேலை பார்த்தீங்கன்னு கேட்டா, அது வெக்கமில்லாம டீ லேடின்னு சொல்லிட்டு நிக்கும்."

என் கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒரு சாடியைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி அண்ணி" என்றேன்.

சொல்லிவிட்டு நின்றபோதுதான் எனக்கு அது முழுவதுமாக விளங்கியது. பெண்ணின் அம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அடித்த வாசம் என்னுடையது இல்லை. நான் கூடத்தின் மறுகோடியில் இருந்தேன். தேத்தண்ணி வாசம் என்றால் அண்ணிக்கு நான்தான். வேறு யாரும் அதைப் போடக்கூடும், அதுவும் பெரிய இடத்தில், என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பரிசத்தன்று நான் போடாமல் போனாலும் அந்த வாசம் அங்கே இருக்கும். அவர் மூக்கு அதைக் கண்டுபிடிக்கும். அவர் வாய் சும்மா இருக்காது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அவங்க போட்டிருந்தது அண்ணி. அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, அவர் வாங்கிய சாடியை என் மடியில் வைத்துக்கொண்டு ஜொகூர் பாருவிலிருந்த அவர் வீடு வரைக்கும் வந்தேன்.

பரிசத்துக்கு முன்னால் இருந்த வாரங்களில் நான் யோசிக்காமல் இல்லை. பெண்ணின் அம்மாவுக்குக் கோபம் வந்தால் சம்பந்தம் நின்றுபோகலாம். ரொம்ப யோசித்துச் சம்மதித்த வீடு அது. என் அம்மா மடியில் வளர்ந்த பிள்ளையின் கல்யாணம். நின்றாலும் நிற்கட்டும் என்று ஒரு நாள் காலையில் நினைத்தேன். மறுநாள் காலையிலும் நினைத்தேன். அம்மாவிடம் பரிசத்துக்கு நீ வர வேண்டாமாம் என்று சொன்னபோது, "ஆமா, எனக்கும் முட்டி வலிக்குது" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய், துவைத்துத் தேய்த்து வைத்திருந்த பட்டுச் சேலையை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். அதைப் பார்த்த பிறகு நான் யோசிக்கவில்லை.

தட்டுகளை அலங்கரிப்பது, சாமான்களைச் சரிபார்ப்பது, பெண் வீட்டோடு பேசுவது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் அப்படித்தான். பாராட்டு அண்ணிக்குப் போகும். பெண்ணின் அம்மாவுக்கென்று தனியாக ஒரு தட்டு. அதில் அண்ணி தன்னுடைய செண்ட்டையே பெரிய பாட்டிலாக வாங்கி வைத்தார். "பெரிய இடத்துக்காரங்க கனமான வாசம்தான் போடுவாங்க" என்றார். நான் அதற்குத் தங்க நிற ரிப்பன் கட்டினேன்.

எத்தனை பேர் வருகிறோம் என்று சொல்ல யோங் பெங்குக்குத் தொலைபேசியில் பேசியபோது, பேச்சு முடியும் நேரத்தில் பெண்ணின் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நீங்களும் நானும் ஒரே செண்ட் போல?"

"ஆமாங்க. ரொம்ப வருஷமா அதான்."

"பரிசத்துக்கும் அதையே போட்டுட்டு வாங்க."

"அன்னைக்கு நான் போடலைங்க. அண்ணிக்கு அது ஆகாது."

"ஒத்துக்காதா? மூச்சு அடைக்குமா?"

"அதெல்லாம் இல்லைங்க. வாசம் பிடிக்காது."

"அப்படிங்களா" என்று நிதானமாகச் சொன்னார். அவ்வளவுதான். அவருக்குப் பதிலாக வேறு யாராவது இருந்திருந்தால் சம்பந்தி மனம் கோணக்கூடாது என்று அன்றைக்கு வேறு செண்ட் போட்டிருப்பார்கள்.

பரிசத்தன்று காலையில் நான் குளித்துவிட்டு வெறும் சோப்பு வாசத்தோடு கிளம்பினேன். அம்மாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனோம். யோங் பெங் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். நாங்கள் தட்டுகளோடு வரிசையாக உள்ளே போய், கூடத்தில் விரித்திருந்த கம்பளத்தில் அவற்றை வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அண்ணி முதல் வரிசையில், மகனுக்குப் பக்கத்தில். நான் அண்ணிக்குப் பின்னால். பெண்ணின் அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்தபடி பின்பக்கமாக வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அது வந்தது. எலுமிச்சைக் கசப்பு, பிறகு தேயிலை. நான் மூன்று முறை அடிப்பேன். அவர் அன்றைக்கு அதற்கும் கூடுதலாக அடித்திருந்தார்.

அண்ணியின் தோள் நிமிர்ந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குப் பக்கவாட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அவருக்கு ரகசியமாகப் பேச வராது.

"எத்தனை தடவை சொல்றது உனக்கு? இன்னைக்கு ஒரு நாளு அந்தத் தேத்தண்ணி வாசம் வேணாம்னு சொன்னேன்ல? மனுசங்க வர்ற இடத்துக்குப் போட்டுட்டு வர்ற வாசமா இது? டீ லேடி பொண்ணு எங்க போனாலும் டீ லேடி பொண்ணுதான்."

"நான் இன்னைக்கு ஒண்ணும் போடல அண்ணி."

"பொய் சொல்லாத. இங்கதான் அடிக்குது."

நான் மணிக்கட்டை நீட்டினேன். அவர் முகர்ந்து பார்த்தார். மறு கையையும் நீட்டினேன்.

"அப்ப எங்கேர்ந்து வருது?"

"என்கிட்டேர்ந்து" என்றார் பெண்ணின் அம்மா.

அவர் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு அண்ணியின் எதிரே வந்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. அந்தச் செண்ட்டுக்கு ஏற்ற குரல்.

"சரியாத்தான் கண்டுபிடிச்சீங்க சம்பந்தி. தேயிலை வாசம்தான். எனக்குப் பிடிக்கும். ஆனா அந்த டீ லேடின்னு யாரையோ சொன்னீங்களே, அதான் எனக்குப் புரியல."

"அது... சும்மாங்க. வீட்டுக்குள்ள ஒரு விளையாட்டு. நாங்க எப்பவும் இப்படித்தான் கேலி பண்ணிக்குவோம். ஏம்மா?"

அண்ணி என்னைப் பார்த்தார். இத்தனை வருடங்களில் முதன்முறையாக நான் சிரிப்பது அவருக்குத் தேவையாக இருந்தது.

"எங்கம்மாவைச் சொல்றாங்க" என்றேன். "ஆபீஸ்ல தேத்தண்ணி கலக்கிக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அண்ணியோட அப்பாவுக்கும் அவங்கதான் குடுப்பாங்க."

"வந்திருக்காங்களா?"

"இல்லைங்க. வர வேணாம்னு அண்ணி சொல்லிட்டாங்க."

டாக்டர் தன் மனைவியைப் பார்த்தார். தட்டைத் தூக்கத் தயாராக இருந்த ஒரு மாமா கையை எடுத்துக்கொண்டார். உள் அறைக் கதவோரத்தில் பெண்ணின் பட்டுச் சேலைக் கரை தெரிந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளைப் பிள்ளை தலையைக் குனிந்திருந்தான். அவன் காது சிவந்திருந்தது. எல்லாம் இங்கேயே முடிந்துபோகலாம் என்று தெரிந்தது. ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பெண்ணின் அம்மா அண்ணியை விட்டுவிட்டு அவர் மகனைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, உங்களைச் சின்னதுல பார்த்துக்கிட்ட பாட்டின்னு என் பொண்ணு சொல்லுவா. அவங்கதானா இது?"

"ஆமாங்க."

"அவங்க இங்க இருக்காங்கன்னுதான் நான் நினைச்சேன்."

அவன் எழுந்தான். பட்டு ஜிப்பாவைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"நானும் வருவாங்கன்னுதான் நினைச்சேன். முட்டி வலின்னு அம்மா சொன்னாங்க. நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"டேய், பைத்தியமா உனக்கு?" என்றார் அண்ணி. "மாப்பிள்ளை எங்கடா எழுந்து போறது? வேற யாரையாவது அனுப்பு. நல்ல நேரம் போயிடும்."

"போகாது சம்பந்தி" என்றார் பெண்ணின் அம்மா. "பன்னெண்டு வரைக்கும் இருக்கு, நாங்க பார்த்துதான் வச்சோம். நீங்க உக்காருங்க."

அண்ணி உட்கார்ந்தார். யோங் பெங்கிலிருந்து கூலாய்க்குப் போய்த் திரும்பி வருகிறவரை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே அவர் கொண்டுவந்த தட்டுகள் மாற்றப்படாமல் இருந்தன. மின்விசிறிக் காற்றில் ரிப்பன்கள் ஆடின. தாமதமாக வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவரும் ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று கேட்டார்கள். மாப்பிள்ளை பாட்டியை அழைத்து வரப் போயிருக்கிறார் என்று யாராவது சொன்னார்கள். ஏன் முதலிலேயே அழைத்து வரவில்லை என்று அடுத்த கேள்வி வந்தது. பதில் சொன்னவர்கள் அண்ணி இருந்த பக்கம் பார்த்தார்கள். நான் அவருக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கழுத்தில் வியர்வை இறங்கி, அவருடைய கருகிய சீனி வாசம் புளித்துக்கொண்டிருந்தது. நான் மடியில் கை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நிம்மதியாக ஒரு விசேஷத்தில் நான் அதற்கு முன்னால் உட்கார்ந்ததில்லை.

அம்மா அந்தப் பட்டுச் சேலையில் வந்தாள். முட்டிக்குத் தடவிய தைலம் மணந்தது. என்னைப் பார்த்ததும், "பட்டு சட்டையோட வாசல்ல வந்து நிக்கிறான். பரிசம் நின்னு போச்சு, பிள்ளை கோவிச்சுக்கிட்டு வந்துட்டான்னுல நினைச்சேன்" என்றாள். பெண்ணின் அம்மா அவளை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தட்டில் தேத்தண்ணி வந்தது. அவர் ஒரு கோப்பையை எடுத்து அண்ணியிடம் நீட்டினார்.

"சம்பந்தி, நீங்க குடுங்க. நீங்கதானே உரிமைக்காரங்க."

அண்ணி எழுந்து அதை ஏந்திக்கொண்டு போய் என் அம்மாவிடம் நீட்டினார். கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா கோப்பையைப் பார்த்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குத் தேத்தண்ணி ஆகாதும்மா. சுடுதண்ணி இருந்தா கொஞ்சம் கொண்டா."

அண்ணி சமையலறைக்குப் போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். அம்மா கோப்பையின் வெளிப்புறத்தை விரலால் தொட்டாள்.

"ரொம்பச் சுடுதே. ஆத்திக் கொண்டாம்மா."

அவர் மறுபடி போனார். வந்ததும் அம்மா இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கோப்பையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இரு" என்றாள். அதன் பிறகு தட்டு மாற்றினார்கள்.

அம்மா தினமும் காலையில் என்னோடு உட்கார்ந்து பெரிய குவளை நிறைய தே ஓ, பால் சேர்க்காத தேத்தண்ணி, குடிக்கிறவள். திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"உனக்கு எப்பம்மா தேத்தண்ணி ஆகாமப் போச்சு?"

"இன்னைக்குத்தான்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் செம்பனை வரிசைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மச்சாப் ஊரைத் தாண்டியதும் என் கணவர் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "அந்தம்மாவும் அதே செண்ட்டுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்" என்றார்.

"தெரியும்."

"ஒரு வார்த்தை அக்காகிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"அவங்க கேக்கலையே."

"அலமாக்" என்று திகைத்து முனகினார். சிறிது நேரம் கழித்து, "அந்த அட்டையில இதெல்லாம் எழுதலையே" என்றார். அவர் சிரிக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆயர் ஈத்தாமில் அவர் எவ்வளவு நேரம் அந்தச் சாடியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் எனக்கு நினைவிருந்தது. அந்தப் பேச்சை அன்றைக்கு எடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு நாள் குறிக்க மறுபடி யோங் பெங் போனோம். கை கழுவப் போன இடத்தில், தங்க ரிப்பனை அவிழ்க்காமலே அந்தப் பெரிய பாட்டில் கழிப்பறை ஜன்னல் திட்டில் நின்றது. வெளியே வந்து பெண்ணின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒரே வாசத்தோடு, தாழ்ந்த குரலில், கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம். அந்த அட்டையை எழுதியவர் எங்களைப் பார்த்திருந்தால் தான் எழுதியது சரி என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

கல்யாணம் ஜொகூர் பாருவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அம்மாவுக்கு முதல் வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். போட்டது மாப்பிள்ளை. அண்ணி வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார். நான் பன்னீர்ச் செம்போடு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றபோது தெரிந்தது. கருகிய சீனி இல்லை. எலுமிச்சைத் தோல், அதன் பின்னால் கொதிநீர் ஊற்றிய தேயிலை. சேலை கட்டிய பிறகு அடித்திருக்கிறார். முந்தானைப் பட்டில் சிறிய வட்டமாகக் கறை விழுந்திருந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"சம்பந்தி போடறாங்களே, அதான் நானும் வாங்கினேன்" என்றார். "போடப் போட நல்லாத்தான் இருக்கு."

எங்களைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்திருப்பார். நான் எப்போது சத்தமாகப் பேசியிருக்கிறேன். அவர் காதருகே குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னேன்.

"தேத்தண்ணி வாசம் உங்களுக்கு நல்லாப் பொருந்துது அண்ணி."

பிறகு நிமிர்ந்து, அடுத்து வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்தேன்.